மட்டாஞ்சேரிக் கடைத்தெருவும் நமது அடுக்களையும்

வெளி மாநிலத்தில் புதிதாகக் குடித்தனம் வைக்கும் தமிழர் வீட்டில், வாடகைப் பேச்சும் பால்காரர் ஏற்பாடும் முடிந்த பிறகு எழும் முதல் ஆலோசனை அடுக்களையைப் பற்றியதாகவே இருக்கும். மாவரைக்கும் கிரைண்டரை ஊரிலிருந்தே ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவதா, வந்த இடத்திலேயே வாங்குவதா? பெரிய கடையில் விலை சற்றுக் குறையலாம். தெருமுனைக் கடைக்காரரோ நாளை பழுதானால் ஆள் அனுப்புவார். இன்று கைப்பேசியில் விரலை வைத்தால் பொருள் வாயிலுக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் விற்றவர் யார், எங்கிருக்கிறார் என்பது தெரிவதில்லை. இவை யாவும் நம் காலத்துக்கே உரிய குழப்பங்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அடுப்பும் சட்டியும் விலைக்கு வாங்கப்படத் தொடங்கிய நாள்முதலே இல்லத்தார் இந்தக் கேள்வியைக் கேட்டு வந்திருக்கின்றனர். எதை வாங்குவது என்பது பெரும்பாலும் எளிதில் முடிவாகிவிடும். யாரிடம் வாங்குவது, கெட்டுப்போனால் யார் பதில் சொல்வார் என்பதுதான் தீராத விசாரம்.

இந்த விசாரத்தின் வரலாற்றைக் காண்பதற்குக் கொச்சியின் பழைய கடைத்தெருவாகிய மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. சீன நாட்டுச் சட்டி முதல் கோயம்புத்தூர்க் கிரைண்டர் வரை, தென்னாட்டு அடுக்களையில் புழங்கும் பொருள்களிற் பல இப்பக்கத்து மக்களின் கைக்கு வந்து சேர்ந்த வழியை இந்த ஓரூரைக் கொண்டே சொல்லிவிடலாம்.

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சியின் முகத்துவாரம் ஆழமாகத் திறந்துகொண்டது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அதன்பின் வணிகம் இப்பக்கம் திரும்பியது. மட்டாஞ்சேரியின் பஜார் ரோடு காயலை ஒட்டியே ஓடுகிறது. அங்குள்ள பழைய பண்டசாலைகளுக்கு முன்வாசல் தெருவிலும் பின்வாசல் நீரிலும் அமைந்திருப்பதைக் காணலாம். படகில் வந்த சரக்கு பின்வாசல் வழியாக ஏறி, முன்வாசல் வழியாக விலைபோகும். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், யூதர் என்று பல மொழியினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த ஊர் இது. நம்மவரும் இவ்வட்டாரத்தில் உண்டு. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சி வெளியில், 1976இல் கட்டப்பட்ட பொதுச் சலவைக்கூடத்தில் தொழில் புரியும் வண்ணார் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழே. டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு.

15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செங் ஹோ என்னும் சீனக் கடற்படைத் தலைவரின் கப்பல்கள் கொச்சிக்கு வந்தன. அவருடன் வந்த மா ஹுவான், தாம் கண்டவற்றை ஒரு நூலாக எழுதி வைத்தார். கொச்சியில் வாழ்ந்த மக்களை வகைப்படுத்திச் சொல்லும் அவர், செட்டிகள் என்னும் செல்வர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்கள் மணிகளையும் மிளகையும் முன்கூட்டியே வாங்கி இருப்பு வைத்து, வெளிநாட்டுக் கப்பல் வரும்வரை காத்திருப்பார்களாம். மற்றொரு வகுப்பார், பிறருக்காக வாங்குவதும் விற்பதுமே தொழிலாகக் கொண்ட தரகர். அதே நூலில் கோழிக்கோட்டு வணிகமுறை விரிவாக வருகிறது. இரு தரப்பாரும் தரகரும் கூடி விலையை முடிவு செய்ததும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வர். பின்னர் விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறுவதில்லை. ரசீதும் உத்தரவாதச் சீட்டும் இல்லாத அக்காலத்தில் தரகருடைய கையே சீட்டு. (செங் ஹோ இலங்கையின் காலியில் நிறுத்துவதற்காகக் கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு என்று பொறித்த கல்லில் சீனமும் பாரசீகமும் இருப்பதோடு தமிழும் இடம் பெற்றிருக்கிறது. அக்கடல்களின் வணிகத்தில் நம் மொழிக்கு இருந்த செலாவணிக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.)

சீன வணிகத்தின் சுவடு கேரள அடுக்களையில் இன்றும் பெயராக நிற்கிறது. குழிந்த வாணலிக்கு மலையாளத்தில் சீனச்சட்டி என்றே பெயர். தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் கொங்கு நாட்டிலும் இப்பெயர் வழங்குவதை நம்மிற் பலர் அறிவோம். ஊறுகாய் போட்டு வைக்கும், மெருகிட்ட பெரிய ஜாடிக்குச் சீனப்பரணி என்று பெயர். உப்பும் புளிப்பும் செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மெருகிட்ட பீங்கானை ஒன்றும் செய்யா. மாவடுவும் உப்புமாங்காயும் ஓராண்டு கெடாமல் இருக்க வேண்டுமானால் பரணிதான் வேண்டும் என்பதைத் தென்னாட்டுப் பெண்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். கொச்சியின் பெயர்பெற்ற சீனவலையும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. ஆனால் அவ்வலையின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்கள் போர்த்துக்கீசியச் சொற்களாக இருப்பதால், மக்காவுடன் தொடர்பு கொண்டிருந்த போர்த்துக்கீசியரே அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. அப்போர்த்துக்கீசியர் 1500ஆம் ஆண்டு முதல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இங்கு இருந்தார்கள். 1663இல் டச்சுக்காரர் அவர்களை வெளியேற்றினார்கள். சமையலறைக்குக் குசினி என்னும் பெயர் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றதே. மலையாளத்திலும் இலங்கைத் தமிழிலும் அது நன்கு வேரூன்றிவிட்டது.

கடல்வழி வந்தவற்றை இதோடு நிறுத்திக்கொண்டு, ஆற்றுவழி வந்தவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கேரள வீட்டுப் பாத்திரங்களுள் அரசு செலுத்தியது ஓட்டுப் பாத்திரம். நாம் வெண்கலம் என்போம். பாயசத்துக்கு உருளி, கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நூற்றுக்கணக்கானவர்க்குச் சமைக்க வார்ப்பு என்னும் மாபெரும் உருளி. இவற்றுக்குப் பெயர்போன ஊர்கள் பம்பையாற்றங்கரை மான்னாரும், இரிஞ்ஞாலக்குடாவுக்கு அருகிலுள்ள நடவரம்பும். பம்பை வேம்பநாட்டுக் காயலில் சேர்கிறது. காயல் கொச்சித் துறைக்கு வந்து சேர்கிறது. சாலைகள் செம்மையாக அமையாத காலத்தில் கனமான பொருளுக்கு இதைவிட நல்ல பாதை வேறில்லை. அண்டையிலுள்ள ஆரன்முளையின் புகழ்பெற்ற உலோகக் கண்ணாடியைச் செய்யும் கைவினைஞரின் முன்னோர், கோயில் திருப்பணிக்காகத் தமிழ்நாட்டின் சங்கரன்கோவிலிலிருந்து வந்தவர்கள் என்பது செவிவழி மரபு. வெளி மாநிலம் சென்று வாழும் தமிழரின் வரலாறு நேற்றுத் தொடங்கியதன்று என்பதற்காக இதைக் குறிக்கிறோம்.

வெண்கலம் என்பது ஏறத்தாழ நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை. இவ்வளவு ஈயம் சேர்ந்தால் உலோகம் கடினமாகிவிடும். குளிர்ந்த நிலையில் தட்டினால் வளையாமல் உடையும். ஆகவே உருளியைத் தட்டிச் செய்ய இயலாது, வார்த்தே எடுக்க வேண்டும். களிமண்ணால் உட்கருவை அமைத்து, அதன்மேல் பாத்திரம் எவ்வளவு கனமாக இருக்க வேண்டுமோ அவ்வளவு கனத்துக்கு மெழுகைப் பூசி, அதற்கும் மேலே மீண்டும் களிமண் போர்த்திச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி வெளியேறிய இடைவெளியில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து, கடைந்து மெருகேற்றுவர். ஒவ்வோர் அச்சும் ஒரே ஒரு பாத்திரத்துக்குத்தான் உதவும்.

வாங்க வந்தவர் இதை எப்படிச் சோதிப்பார்? விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். நல்ல வெண்கலம் மணிபோல் நெடுநேரம் ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் ஓசை மழுங்கிவிடும். பிறகு நிறுத்துப் பார்ப்பார், விலை எடைக்குத்தான். வெண்கலப் பாத்திரத்தின் மதிப்பு அதன் உலோகத்திலேயே அடங்கியிருந்தது. உடைந்தாலும் அது குப்பையன்று. பழைய உலோகத்தைக் கடையில் கொடுத்து, செய்கூலியும் சேதாரமும் போகப் புதியது வாங்கலாம். இதனால் கடைக்காரர் விற்பவராக மட்டுமின்றி வாங்குபவராகவும் இருந்தார். இன்று தாம் விற்ற உருளி இருபது ஆண்டு கழித்துத் தம் தராசுக்கே திரும்பி வரலாம் என்பது அவருக்குத் தெரியும். கலவையில் கள்ளம் செய்தால் அன்று அகப்பட்டுக்கொள்வார். பாத்திரக் கடைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் வாடிக்கையாளரை வைத்துக் காப்பாற்றியதற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்பது நம் கருத்து. நாணயம் கடைக்காரரின் குணமாக இருந்தது உண்மையானாலும், அக்குணத்தைத் தராசும் காவல் காத்தது.

எல்லாச் சமையலுக்கும் வெண்கலம் ஆகாது. பித்தளையிலும் செம்பிலும் புளி பட்டால் களிம்பு ஊறும். அதற்காக உட்புறம் ஈயம் பூச வேண்டும். பூச்சு தேய்ந்ததும் மீண்டும் பூசுவதற்கு ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வருவர். தமிழ்க் குடும்பங்கள் குழம்புக்குக் கற்சட்டியையும், ரசத்துக்கு வெள்ளீயத்தாலான ஈயச்செம்பையும் தம் ஊர்களிலிருந்தே எடுத்து வந்தன. கற்சட்டியைப் பழக்கப்படுத்தாமல் அடுப்பில் ஏற்றினால் வெடிக்கும். ஈயச்செம்பை வெறுமனே ஏற்றினால் உருகிவிடும். இவற்றின் பக்குவம் தெரிந்த கடைக்காரர் நம் ஊரில்தான் இருந்தார். ஊரிலிருந்து பொருளைச் சுமந்து வருவதற்கு வெறும் ஊர்ப்பாசம் மட்டுமே காரணம் என்று சிலர் கேலி செய்வது சரியன்று. இன்னொரு வழக்கமும் நினைவுக்கு வருகிறது. புதுப் பாத்திரம் வாங்கியதும் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். மகளுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரம் எந்த ஊருக்குப் போனாலும் கொடுத்தவர் பெயர் அதன் விளிம்பில் நின்றது.

இந்த ஒழுங்கு குலையத் தொடங்கியது ரயிலால். 1902இல் ஷொரனூரிலிருந்து ரயில் பாதை எர்ணாகுளத்துக்கு வந்தது. காயலின் இக்கரையிலுள்ள மட்டாஞ்சேரிக்கு அன்று வரவில்லை. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிக் கால்வாய் அமைத்தார். 1928இல் கப்பல்கள் உட்துறைக்குள் நுழையத் தொடங்கின. தூர் வாரிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவு உருவாயிற்று. பெருங்கப்பல்கள் அங்கு கட்டின. பின்வாசலில் படகு கட்டிய பண்டசாலைகளுக்கு இருந்த ஏற்றம் சிறுகச் சிறுகக் குறைந்தது. எர்ணாகுளத்தில் பிராட்வே தெருவும் அதை அடுத்த சந்தையும் வீட்டுச் சாமான்களுக்குப் பெயர் பெற்றன. மட்டாஞ்சேரி இல்லத்தரசி படகேறி அக்கரை சென்று பாத்திரம் வாங்கும் காலம் வந்தது. 1967இல் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எர்ணாகுளம் ஆகிய நகராட்சிகள் ஒன்றாகி ஒரே மாநகராட்சியாயின.

அக்காலத்தில் அலுமினியமும், அதன்பின் நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் துருவேறா எஃகும் பரவின. ஈயம் பூசுபவருக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஜரிகைப் பட்டுப் புடவையைப் போட்டுவிட்டு எவர்சில்வர்ப் பாத்திரம் எடுத்துக்கொண்ட வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ! அந்தப் பேரத்தில் ஏமாந்தது யார் என்பதை, பழைய ஜரிகையின் வெள்ளி விலை அறிந்த தலைமுறை பின்னாளில் புரிந்துகொண்டது.

அடுத்து வந்தவை இயந்திரங்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி 1955இல் மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் குழவி சுழலும். இங்கு கல்லே சுழன்றது. அவ்வூரின் மோட்டார்த் தொழிலும் சுற்றுவட்டாரக் கருங்கல்லும் சேர்ந்து அதை ஒரு பெருந்தொழிலாக வளர்த்தன. பின்னர் கோயம்புத்தூர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1959இல் பிரெஸ்டிஜ், ஹாக்கின்ஸ் என்னும் இரு பெயர்களிலும் பிரஷர் குக்கர்கள் இந்தியாவில் செய்யப்படலாயின.

மிக்ஸியின் கதை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. பம்பாயில் பொறியாளராக இருந்த சத்தியப் பிரகாஷ் மாத்தூரின் மனைவி வைத்திருந்த ஜெர்மானிய அரைப்பான், நம் நாட்டுச் சமையலின் கடினமான அரைப்புக்குத் தாங்காமல் பழுதாயிற்று. வெளிநாட்டில் பழம் பிசைவதற்கும் மாவு கலப்பதற்கும் செய்த மோட்டாரிடம் மஞ்சளையும் கொப்பரையையும் கொடுத்தால் அது என்ன செய்யும்? பழுதுபார்க்கவும் இந்நாட்டில் வசதி இல்லை. மாத்தூர் தாமே வலிமையான மோட்டாரை அமைத்து, 1963இல் நிறுவிய தொழிற்சாலையின் வாயிலாகச் சுமீத் மிக்ஸியைக் கொண்டுவந்தார். தென்னாட்டில் சில காலம் மிக்ஸி என்றாலே சுமீத் என்றாகிவிட்டது. விற்றவர் அயல்நாட்டில் இருந்ததால் ஏற்பட்ட முடை, உள்நாட்டில் ஒரு தொழிலைத் தோற்றுவித்தது.

குக்கரின் கதை வேறு வகை. 1970களில் வட இந்தியாவில் பிரெஸ்டிஜ் குக்கர்கள் வெடிப்பதாகப் புகார்கள் வந்தன. அந்நிறுவனத்தின் டி.டி. ஜகந்நாதன் நேரில் சென்று விசாரித்தார். குக்கரில் பிழை இல்லை. தேய்ந்துபோன பாதுகாப்பு அடைப்பானுக்குப் பதிலாக மக்கள் மலிவான போலி உதிரிப்பாகத்தை வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். அழுத்தம் மிகும்போது உருகி வழிவிட வேண்டிய அடைப்பான் உருகாமலே நின்றது. இதற்குப் பிறகே, மூடியின் விளிம்பிலுள்ள ரப்பர் வளையம் ஒருபுறம் வெளிவந்து நீராவியை விடுவிக்கும் ஏற்பாடு புகுத்தப்பட்டது. குக்கரை நல்ல கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள், சில ரூபாய்ப் பொருளாகிய அடைப்பானை எங்கே வாங்குவது என்று யோசிக்கவில்லை. வெண்கல உருளிக்கு உதிரிப்பாகம் கிடையாது. ஒருமுறை கடையைத் தேர்ந்தால் போதும். இயந்திரம் வாங்கியவரோ அது உழைக்கும் காலமெல்லாம் கடையைத் தேர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 2021 முதல் வீட்டுப் பிரஷர் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டது.

கொச்சிப் பகுதியில் இதற்கிடையே வேறொரு கடை திறந்தது. அதற்குக் கட்டடம் இல்லை. 1970கள் முதல் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் விடுமுறையில் திரும்பும்போது பெட்டியில் மிக்ஸியும் மின்சார இஸ்திரிப்பெட்டியும் வந்தன. அவை பெருமைக்குரிய பொருள்கள். ஆனால் பழுதானால் பாகம் கிடைப்பது கடினம். முன்பு பரணி கப்பலில் வந்தது, அதற்குப் பாகம் தேவைப்படவில்லை. இக்காலத்தில் கேரளத்தில் ஓணப் பருவமே வீட்டு மின்கருவிகளுக்குப் பெரும் விற்பனைக் காலம். அப்போது எர்ணாகுளத்துப் பெருங்கடைகள் தள்ளுபடியும் பரிசுச் சீட்டும் தருகின்றன.

ஊரிலிருந்து கொண்டுவருவதா என்னும் முதற் கேள்விக்கு இப்போது திரும்பலாம். கொச்சியிலிருக்கும் தமிழருக்குக் கோயம்புத்தூர் அயலூரன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் சில மணி நேரப் பயணமே. கிரைண்டரை அங்கே வாங்கினால் கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், விலையும் சற்று இறங்கலாம். கல்கத்தாவிலோ தில்லியிலோ இருப்பவர்க்கு நிலைமை வேறு. அங்கு இட்லிமாவு அரைக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரைத் தேடுவதே ஒரு வேலை. நம் எண்ணம் இது: கிரைண்டரை மட்டும் ஊரில் வாங்கி, அதன் நாடாவையும் தேயக்கூடிய பாகங்களையும் இரண்டிரண்டாக உடன் கொண்டு வரலாம். மிக்ஸியையும் குக்கரையும் வாழும் ஊரிலேயே, அந்நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையம் எங்கே இருக்கிறது என்று விசாரித்த பின்பு வாங்குவது நன்று. இணையத்தில் வாங்குவோரும் இவ்விசாரணையைச் செய்யலாம். அதற்குத் தனிச் செலவு இல்லை.

சட்டமும் இவ்விஷயத்தில் புலம்பெயர்ந்தவர் பக்கம் சற்றே திரும்பியிருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் இருக்கும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட வேண்டும். கோயம்புத்தூரில் வாங்கிய கிரைண்டருக்காக அகமதாபாத்திலிருந்து பயணம் செய்ய யார் முன்வருவார்? இழந்தது போகட்டும் என்று இருந்துவிடுவார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம் என்று இடம் கொடுத்தது. அதற்கு ரசீது கையில் இருக்க வேண்டும். ஊரில் தெரிந்த கடை என்பதற்காக ரசீது கேட்கக் கூச்சப்படும் பழக்கம் நம்மவரிடம் மிகுதி. அக்கூச்சத்தை விற்பவரே விரும்புவார்.

மட்டாஞ்சேரியில் இன்று சமையற் பாத்திரம் மிகுதியாகக் காணக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. 1568இல் எழுந்த பரதேசி யூதர் தேவாலயத்துக்குச் செல்லும் யூதத் தெருதான் அது. அத்தெருவின் யூதக் குடும்பங்கள் 1948க்குப் பின் ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டுவிட்டன. இஞ்சியும் மிளகும் அடுக்கியிருந்த பண்டசாலைகள் பலவற்றில் இப்போது பழம்பொருள் விற்கிறார்கள். இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளுக்கும் தூண்களுக்கும் நடுவே சீனப்பரணிகள் வரிசையாக நிற்கின்றன. உருளிகளில் நீர் ஊற்றிப் பூவை மிதக்க விட்டிருக்கிறார்கள். நாலைந்து பேர் உள்ளே உட்காரத்தக்க மாபெரும் வார்ப்பு ஒன்றையும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சிறிய உருளி ஒன்றைக் கையிலெடுத்து முட்டியால் தட்டினால் ஓசை இன்னும் மணிபோலத்தான் வருகிறது. விலை மட்டும் எடைக்கு இல்லை, வயதுக்குச் சொல்கிறார்கள்.